இறால், நண்டு ஒவ்வாமை: எதிர்ப்பொருள் அளவும் நோய் அறிகுறிகளும்

இறால், நண்டு ஒவ்வாமை என்பது, ஓடுடைய நீர்வாழ் உயிரினங்களில் உள்ள சில புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகைப்பொருளாகக் கருதி எதிர்வினை ஆற்றுவதால் உண்டாகும் நிலையாகும். இந்த எதிர்வினையில் முதன்மைப் பங்கு வகிப்பது 'இம்யூனோகுளோபுலின் இ' (சுருக்கமாக ஐஜிஇ) என்னும் எதிர்ப்பொருள் ஆகும். இரத்தத்தில் இதன் அளவைக் கண்டறியும் சோதனையை இன்று பல ஆய்வகங்கள் செய்து தருகின்றன. ஆனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது ஒன்று. உணவை உண்டதும் நோய் வருவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது புள்ளியியல். இக்கணக்குத் தெரியாமல் சோதனை அறிக்கையைப் படித்தால், நல்ல உணவை வீணாக விலக்கவும் நேரும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையைக் கவனியாது விடவும் நேரும்.

ஓடுடைய உணவு வகைகள்

இவ்வகை உணவுகள் இரு பெரும் பிரிவுகளில் அடங்கும். இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவை கணுக்காலி வகையைச் சேர்ந்தவை. மட்டி, சிப்பி, நத்தை, கணவாய் ஆகியவை மெல்லுடலி வகையைச் சேர்ந்தவை. ஒவ்வாமையை மிகுதியாக உண்டாக்குவது முதல் பிரிவே. இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு நண்டும் ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு அதிகம். மெல்லுடலிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு அதைவிடக் குறைவு.

மீன் ஒவ்வாமை இதிலிருந்து வேறானது. மீனில் ஒவ்வாமைக்குக் காரணமான முதன்மைப் புரதம் பார்வால்புமின்; இறாலில் அது டிரோப்போமயோசின். ஆகவே இறால் ஒத்துக்கொள்ளாதவர் வஞ்சிரம், சங்கரா போன்ற மீன்களை எவ்விதத் தொல்லையுமின்றி உண்ணக்கூடும்.

புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்த திருபுவனை, வில்லியனூர் போன்ற ஊர்களிலும் தெற்கே பாகூர்ப் பகுதியிலும் இவ்வுணவுகள் அன்றாடச் சமையலில் இடம்பெறுகின்றன. கடல் இறாலோடு வளர்ப்புக் குட்டைகளின் வனாமி இறாலும் சந்தைக்கு வருகிறது. தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த இந்த இனத்தை வளர்க்க இந்தியாவில் 2009ஆம் ஆண்டு அனுமதி வழங்கப்பட்டது. வயல் நண்டும் நத்தையும் உண்ணும் வழக்கமும் உண்டு. குழம்பிலும் பொரியலிலும் சுவைக்காகச் சேர்க்கப்படும் சென்னாக்குனி என்பதும் உலர்த்திய சிற்றிறாலே. இது கண்ணுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடுவதால், ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தனியே நினைவில் கொள்ள வேண்டும்.

எதிர்ப்பொருள் கண்டறியப்பட்ட வரலாறு

உணவு ஒவ்வாமைக்குக் காரணமான ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் உள்ளது என்பதை 1921ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த கார்ல் பிரௌஸ்னிட்ஸ், ஹைன்ஸ் குஸ்ட்னர் ஆகிய இருவரும் காட்டினர். குஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாமை இருந்தது. அவருடைய இரத்தநீரைப் பிரௌஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்குத் தடிப்பு எழுந்தது. ஒருவருடைய ஒவ்வாமை இரத்தநீர் வழியே இன்னொருவர் தோலுக்கு மாறியது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

அந்தப் பொருள் எது என்பதை அறிய ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய கிமிஷிகே இஷிசாக்கா, தெருக்கோ இஷிசாக்கா இணையரும், 1967இல் சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே இதை அடையாளம் கண்டனர். 1968இல் இதற்கு இம்யூனோகுளோபுலின் இ என்ற பெயர் ஏற்கப்பட்டது.

பெங்களூருவில் நடந்த இறால் ஆய்வு

இறாலில் எந்தப் புரதம் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்ற கேள்விக்கு விடை கண்டதில் இந்தியாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. வி. சுப்பாராவ் தலைமையிலான குழு, நம் கடலில் கிடைக்கும் வெள்ளை இறாலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. வெப்பத்தில் அழியாத ஒவ்வாமையூக்கிகள் அதில் இருப்பதை 1989இல் வெளியிட்ட ஆய்வில் இக்குழு காட்டியது. அவற்றுள் முதன்மையானது தசைப் புரதமான டிரோப்போமயோசின் என்பதை 1993இல் கே. என். சாந்தி, சுப்பாராவ் ஆகியோரும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து வெளியிட்டனர்.

வெப்பத்தில் அழியாது என்பதன் பொருள் சமையலறையில் விளங்கும். இறாலை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் இப்புரதத்தின் ஒவ்வாமைத் திறன் நீங்குவதில்லை. வேகவைத்த நீரிலும் அது இறங்குகிறது. கொதிக்கும்போது எழும் ஆவியிலும் கலந்து வருவதால், உண்ணாமல் அருகில் நிற்பவருக்கே மூச்சிரைப்பு வருவதுண்டு.

ஒவ்வாமை நிகழும் விதம்

ஒவ்வாமை இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது. முதல் கட்டத்தில், உடல் இறால் புரதத்துக்கு எதிரான ஐஜிஇயை உருவாக்குகிறது. இந்த எதிர்ப்பொருள்கள் தோல், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. இந்நிலை 'உணர்வூட்டம்' எனப்படும். இப்போது வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

இரண்டாம் கட்டத்தில், மீண்டும் இறால் உண்ணும்போது அதன் புரதம் மாஸ்ட் செல்லின் மேல் உள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை ஒருசேரப் பற்றி இணைக்கிறது. உடனே அச்செல் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. அறிகுறிகள் தோன்றுகின்றன. முதல் கட்டத்தை அடைந்த எல்லோரும் இரண்டாம் கட்டத்தை அடைவதில்லை. இரத்தச் சோதனை காட்டுவது முதல் கட்டத்தை மட்டுமே.

அறிகுறிகள்

பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தோன்றும். அவை வருமாறு:

- வாயிலும் தொண்டையிலும் அரிப்பு
- தோலில் தடிப்பு, உதடும் இமையும் வீங்குதல்
- வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு
- தும்மல், இருமல், மூச்சிரைப்பு, குரல் மாற்றம்
- இரத்த அழுத்தம் குறைதல், மயக்கம்

இவற்றுள் பல உறுப்புகள் ஒருசேரப் பாதிக்கப்பட்டு, மூச்சும் இரத்த ஓட்டமும் தடுமாறும் நிலை 'அனபிலாக்சிஸ்' எனப்படும். இது உயிருக்கு ஆபத்தானது.

அளவிடும் முறை

இரத்தத்தில் இறாலுக்கென உள்ள ஐஜிஇ, லிட்டருக்கு எத்தனை கிலோ அலகு என்று அளக்கப்படுகிறது. ஓர் அலகு என்பது 2.4 நானோகிராம் எதிர்ப்பொருள். நெடுங்காலமாக 0.35 கிலோ அலகு என்பது வெட்டுப்புள்ளியாகக் கொள்ளப்பட்டு வந்தது. அதற்கு மேல் இருந்தால் நேர்மறை, கீழே இருந்தால் எதிர்மறை. புதிய கருவிகள் 0.10 வரை அளக்கின்றன. அறிக்கைகளில் 0 முதல் 6 வரை வகுப்புகளும் குறிக்கப்படும்: 0.35 முதல் 0.70 வரை முதல் வகுப்பு. 100க்கு மேல் ஆறாம் வகுப்பு.

இறால் சாற்றுத் துளியைத் தோலில் வைத்துச் சிறு ஊசியால் குத்திப் பார்க்கும் தோல் சோதனையும் உண்டு. இதுவும் உணர்வூட்டத்தையே காட்டும். நோயை உறுதிசெய்யும் முறை, மருத்துவமனையில் மருத்துவர் மேற்பார்வையில் உணவைச் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்க்கும் உண்சோதனை ஆகும். எது உண்மை உணவு, எது போலி உணவு என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி இதை நடத்துவது மிக உயர்ந்த தரமாகக் கருதப்படுகிறது. இதனை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது.

கர்நாடக ஆய்வு காட்டிய இடைவெளி

எதிர்ப்பொருளுக்கும் அறிகுறிக்கும் உள்ள தொடர்பைத் தென்னிந்தியப் பொதுமக்களிடையே ஆராய்ந்த முதன்மையான ஆய்வு, 'யூரோபிரிவால்–இன்கோ' என்ற பன்னாட்டுத் திட்டத்தின் பகுதியாகக் கர்நாடகத்தில் நடந்தது. பி. ஏ. மகேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதன் முடிவுகளை 2016இல் வெளியிட்டனர். 20 முதல் 54 வயது வரையுள்ள 11,791 பேர் முதலில் வினாநிரலுக்கு விடையளித்தனர். அவர்களுள் 588 பேரிடம் விரிவாக விசாரிக்கப்பட்டு, 24 உணவுகளுக்கான ஐஜிஇ அளக்கப்பட்டது. இந்த 588 பேரில் 236 பேர் உணவால் தொல்லை உண்டு என்றவர்கள். 352 பேர் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள்.

முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. உணவுகளுக்கான உணர்வூட்டம் பொதுமக்களில் 26.5 விழுக்காடு. ஆனால் ஓர் உணவால் அறிகுறியும் அதே உணவுக்கு எதிர்ப்பொருளும் ஒருங்கே இருந்தவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூர் என்று கொண்டால், 265 பேரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருக்கும்; நோயாகத் தோன்றுவது ஏறத்தாழ 12 பேருக்கே. அன்றாடம் உண்ணாத உணவுகளுக்குக்கூட எதிர்ப்பொருள் காணப்பட்டது என்பதும் இவ்வாய்வின் முக்கியமான செய்தி. உணர்வூட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர், மொத்த ஐஜிஇ அளவு இடைநிலைக்கு மேல் இருந்தவர்கள்.

இதே திட்டத்தில் 6 முதல் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அதன்படி உணவு ஒவ்வாமை ஆங்காங்கில் 1.50 விழுக்காடு, இந்தியாவில் 0.14 விழுக்காடு. ஒரு நாட்டில் பெற்ற எண்ணை இன்னொரு நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை இது உணர்த்துகிறது.

எதிர்ப்பொருள் இருந்தும் நோய் இல்லாதது ஏன்?

இறால் புரதத்தைப் போன்ற புரதங்கள் வேறு உயிரினங்களிலும் இருப்பது இதற்கு ஒரு காரணம். தலையணை, மெத்தை, பாய் ஆகியவற்றின் தூசியில் வாழும் தூசிப்பூச்சியும், கரப்பான் பூச்சியும் இறாலைப் போலவே கணுக்காலிகள். அவற்றின் டிரோப்போமயோசின், இறாலின் டிரோப்போமயோசினுடன் ஏறத்தாழ 80 விழுக்காடு ஒத்திருக்கிறது. தூசிப்பூச்சிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள், சோதனைக் குழாயில் இறால் புரதத்தையும் பற்றிக்கொள்ளும். இது 'குறுக்கு வினை' எனப்படும்.

இதற்குத் தெளிவான சான்று 2003இல் வெளியானது. சமய விதிப்படி ஓடுடைய உயிரினங்களை ஒருபோதும் உண்ணாத, ஆனால் தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ள வைதிக யூதர்களின் இரத்தத்தில் இறால் டிரோப்போமயோசினுக்கு எதிரான ஐஜிஇ காணப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த புதுச்சேரி போன்ற கடலோரப் பகுதி தூசிப்பூச்சிக்கு ஏற்ற இடம். வாழ்நாள் முழுதும் சைவ உணவே உண்ட ஒருவருக்கு இங்கே 'இறால் நேர்மறை' என்று அறிக்கை வந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

குடற்புழுக்கள் மற்றொரு காரணம். புழுத்தொற்று மொத்த ஐஜிஇ அளவை உயர்த்துகிறது. எதிர்ப்பொருள் புரதத்தின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது, எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பனவும் முக்கியம். அளவு ஒன்றாக இருந்தாலும் பற்றும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நான்கு கட்ட அட்டவணை

ஒரு சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையால் அறியலாம். கீழே உள்ளவை கணக்கை விளக்குவதற்கான கற்பனை எண்கள். இறால் உண்டதும் தொல்லை வந்ததாகச் சொல்லி மருத்துவமனைக்கு வந்த 100 பேருக்கு ஐஜிஇ சோதனையும் உண்சோதனையும் செய்யப்பட்டதாகக் கொள்வோம்.

| | ஒவ்வாமை உண்டு | ஒவ்வாமை இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| ஐஜிஇ நேர்மறை | 36 | 24 | 60 |
| ஐஜிஇ எதிர்மறை | 4 | 36 | 40 |
| மொத்தம் | 40 | 60 | 100 |

இதிலிருந்து நான்கு அளவைகளைப் பெறலாம்.

- உணர்திறன்: நோய் உள்ள 40 பேரில் 36 பேரைச் சோதனை கண்டுபிடித்தது. 90 விழுக்காடு.
- தனித்திறன்: நோய் இல்லாத 60 பேரில் 36 பேரைச் சரியாக விடுவித்தது. 60 விழுக்காடு.
- நேர்மறை முடிவின் மதிப்பு: நேர்மறை என்ற 60 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் 36 பேர். 60 விழுக்காடு.
- எதிர்மறை முடிவின் மதிப்பு: எதிர்மறை என்ற 40 பேரில் உண்மையில் நோய் இல்லாதவர் 36 பேர். 90 விழுக்காடு.

மேல்நிலை வகுப்பு மாணவர் அறிந்த கைவர்க்கச் சோதனையை இந்த அட்டவணைக்குச் செய்தால் விடை 25 என வரும். ஐந்து விழுக்காடு மட்டத்தில் தேவையான மதிப்பு 3.84 மட்டுமே. ஆகவே எதிர்ப்பொருளுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது புள்ளியியல்படி உறுதி. ஆனால் நேர்மறை வந்த 60 பேரில் 24 பேருக்கு நோய் இல்லை என்பதும் இதே அட்டவணையில் உள்ளது. இருப்பினும், 'தொடர்பு உண்டு' என்ற முடிவு கூட்டத்தைப் பற்றியது. எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நோயாளிக்கு நோய் உண்டா என்பதற்கு அது விடையாகாது. கை-வர்க்க மதிப்பு பெரிதாக இருப்பதைக் கண்டு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்போர் அடிக்கடி செய்யும் பிழை.

அதே சோதனை, பொதுமக்களிடம்

இப்போது இதே சோதனையை, எந்தத் தொல்லையும் சொல்லாத 10,000 பேருக்குச் செய்வதாகக் கொள்வோம். அவர்களுள் 1 விழுக்காட்டினருக்கு, அதாவது 100 பேருக்கு மட்டுமே உண்மையில் ஒவ்வாமை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உணர்திறன் 90, தனித்திறன் 60 விழுக்காடு என்பதில் மாற்றமில்லை.

ஒவ்வாமை உள்ள 100 பேரில் 90 பேருக்கு நேர்மறை வரும். ஒவ்வாமை இல்லாத 9,900 பேரில் 40 விழுக்காட்டினருக்கு, அதாவது 3,960 பேருக்கும் நேர்மறை வரும். மொத்த நேர்மறை 4,050. அவற்றுள் உண்மையானவை 90. நேர்மறை முடிவின் மதிப்பு 2.2 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. மருத்துவமனையில் நூற்றுக்கு அறுபது முறை மெய்யான அதே அறிக்கை, இங்கே நூற்றுக்கு இரண்டு முறைதான் மெய்யாகிறது. சோதனைக் கருவியும் வெட்டுப்புள்ளியும் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மட்டுமே மாறினார்கள்.

இதுவே பேயிஸ் தேற்றத்தின் சாரம். சோதனைக்கு முன் நோய் இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்பதைப் பொறுத்தே, சோதனைக்குப் பின் உள்ள நிகழ்தகவு அமையும். அந்த முன்நிகழ்தகவைத் தருவது நோயாளி சொல்லும் வரலாறு: எதை உண்டார், எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது, முன்பும் அப்படி நேர்ந்ததா என்பனவே. வரலாறு கேட்காமல் பல உணவுகளுக்கும் ஒரே தொகுப்பாகச் சோதனை செய்வது தவறான முடிவுகளுக்கு வழிவகுப்பது இதனால்தான்.

வெட்டுப்புள்ளியை உயர்த்தினால்?

வெட்டுப்புள்ளியை 0.35இலிருந்து உயர்த்தினால் பொய்யான நேர்மறைகள் குறையும். முன்பு கண்ட 100 பேரில், உயர்ந்த வெட்டுப்புள்ளியின்படி நோயுள்ளவர்களில் 22 பேருக்கும் நோயற்றவர்களில் 6 பேருக்கும் நேர்மறை வருவதாகக் கொள்வோம். தனித்திறன் 90 விழுக்காடாக உயர்கிறது. நேர்மறை முடிவின் மதிப்பு 79 விழுக்காடாக ஏறுகிறது. ஆனால் உணர்திறன் 55 விழுக்காடாக இறங்கி, நோயுள்ள 18 பேர் தவறவிடப்படுகிறார்கள். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியுள்ளது. எது பெரிய தீங்கு என்று எடைபோட்டே வெட்டுப்புள்ளியை முடிவு செய்ய வேண்டும். உயிர் போகும் வாய்ப்புள்ள நோயில், தவறவிடப்படும் 18 பேர் சிறிய எண்ணிக்கை ஆகாது.

இறால் சாறு முழுவதற்கும் பதிலாக டிரோப்போமயோசின், ஆர்ஜினைன் கைனேஸ் போன்ற தனித்தனிப் புரதங்களுக்கு உள்ள ஐஜிஇயை அளக்கும் முறையும் வந்துள்ளது. எந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உள்ளது என்பதை அறிய இது உதவுகிறது. தூசிப்பூச்சியால் வரும் குறுக்கு வினையை இதுவும் முற்றிலும் நீக்கிவிடுவதில்லை.

அளவு கூடினால் கடுமையும் கூடுமா?

ஐஜிஇ 90 உள்ளவருக்கு 0.5 உள்ளவரைவிட நோய் கடுமையாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். பொதுவாக, அளவு கூடும்போது ஒவ்வாமை இருப்பதற்கான நிகழ்தகவு கூடுகிறது. ஆனால் அடுத்த முறை உண்ணும்போது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அளவு நம்பகமாகச் சொல்வதில்லை.

இதை ஆராயும்போது கணக்கிலும் கவனம் வேண்டும். ஐந்து நோயாளிகளின் அளவுகள் 0.5, 2, 8, 30, 90 என்று கொள்வோம். இவற்றின் சராசரி 26.1. ஆனால் ஐவரில் மூவர் 8 அல்லது அதற்குக் கீழே உள்ளனர். ஒரே ஒரு பெரிய எண் சராசரியை இழுத்துவிட்டது. இடைநிலை அளவு 8. பெருக்குச் சராசரி ஏறத்தாழ 7.4. ஐஜிஇ போன்று ஒரு பக்கமாக நீண்டு பரவும் அளவுகளுக்கு இடைநிலையையோ, மடக்கை எடுத்துக் கணக்கிடும் பெருக்குச் சராசரியையோ பயன்படுத்துவதே முறை.

இந்த ஐவரின் அறிகுறிகளை லேசானது 1, மிகக் கடுமையானது 5 என வரிசைப்படுத்தியபோது, முறையே 3, 1, 5, 2, 4 என்று வந்ததாகக் கொள்வோம். ஸ்பியர்மேன் 1904இல் வகுத்த தர ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடலாம். தர வேறுபாடுகள் 2, 1, 2, 2, 1. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 14. அதை 6ஆல் பெருக்கி, 5 × 24 = 120ஆல் வகுத்து, 1இலிருந்து கழித்தால் 0.3 கிடைக்கும். முழுமையான தொடர்பு என்றால் விடை 1 ஆக இருக்கும். இங்கே 0.5 அளவு உள்ளவர், 30 அளவு உள்ளவரைவிடக் கூடுதலாகத் துன்புறுகிறார். ஐந்து பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். இங்கு ஐவர் எடுக்கப்பட்டது கணக்கு எளிதாவதற்காக.

கடுமையைத் தீர்மானிப்பவை வேறு பல. உண்ட அளவு, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, உண்ட பின் செய்யும் கடும் உடலுழைப்பு, மது, சில வலி மாத்திரைகள், காய்ச்சல் ஆகியவை எதிர்வினையைத் தூண்டவோ பெருக்கவோ கூடும். கடந்த மாதம் இறால் தொக்கு உண்டு வெறும் அரிப்போடு தப்பியவர், இம்முறையும் அப்படியே தப்புவார் என்று சொல்ல முடியாது.

அறிகுறி இருந்தும் எதிர்ப்பொருள் இல்லாத நிலை

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இறால் கருத்துப்போகாமல் இருக்கச் சோடியம் மெட்டாபைசல்பைட் தூவப்படுவதுண்டு. இவ்வகைச் சல்பைட்டுகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பை உண்டாக்கலாம். கெட்டுப்போன உணவின் நச்சாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். இவற்றில் இறாலுக்கு எதிரான ஐஜிஇ இருக்காது. மேலும், சந்தையில் வாங்கிய இனத்தின் புரதமும் ஆய்வகச் சாற்றின் புரதமும் முற்றிலும் ஒன்றாக இல்லாததால், உண்மையான ஒவ்வாமை இருந்தும் சோதனை எதிர்மறை ஆகலாம். ஆகவே, இறால் உண்டதும் தடிப்பும் மூச்சிரைப்பும் தெளிவாக வந்த ஒருவர், 'எதிர்மறை' என்ற ஒரு தாளை நம்பி வீட்டில் மீண்டும் உண்டு பார்ப்பது ஆபத்து.

அயோடின் பற்றிய தவறான கருத்தும் பரவலாக உள்ளது. இறால் ஒவ்வாமைக்கு அதிலுள்ள அயோடின் காரணம் அன்று, புரதமே காரணம். ஸ்கேன் பரிசோதனையில் செலுத்தப்படும் அயோடின் கலந்த மருந்தை, இறால் ஒவ்வாமை ஒன்றை மட்டும் காட்டி மறுக்கத் தேவையில்லை.

அறிக்கையைப் படிக்கும் முறை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் நான்கு நிலைகள் கிடைக்கும்.

1. அறிகுறி உண்டு, எதிர்ப்பொருள் உண்டு: ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அவ்வுணவை விலக்கி, ஒவ்வாமை மருத்துவரின் வழிகாட்டலைப் பெற வேண்டும்.
2. அறிகுறி உண்டு, எதிர்ப்பொருள் இல்லை: காரணம் வேறாக இருக்கலாம், சோதனையும் தவறியிருக்கலாம். மருத்துவர் முடிவு சொல்லும்வரை உண்ணக் கூடாது.
3. அறிகுறி இல்லை, எதிர்ப்பொருள் உண்டு: உணர்வூட்டம் மட்டுமே. இதுவரை நன்றாக உண்டுவந்த உணவை அறிக்கையை மட்டும் பார்த்து நிறுத்தத் தேவையில்லை.
4. அறிகுறி இல்லை, எதிர்ப்பொருள் இல்லை: ஒவ்வாமை இல்லை.

எதிர்ப்பொருள் உள்ளவர்களுள் மூன்றாம் நிலையில் உள்ளவர்களே எண்ணிக்கையில் மிகுதி. இறாலும் நண்டும் வீட்டில் எளிதாகக் கிடைக்கும் புரத உணவாக உள்ள ஊர்களில், ஒரு தாளைக் காட்டி வளரும் பிள்ளைகளின் தட்டிலிருந்து அவற்றை எடுத்துவிடுவது ஊட்டச்சத்து இழப்பாகும். முதல் நிலையில் உள்ளவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் உயிர் ஆபத்து அவர்களுக்கே.

உறையிட்ட உணவுகளில் கணுக்காலி வகை உணவும், கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட்டும் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சந்தையில் உதிரியாக விற்கும் சென்னாக்குனிக்கும், உணவகத்தில் பல பண்டங்களைப் பொரித்த எண்ணெய்க்கும் இத்தகைய சீட்டு கிடையாது. அங்கே கேட்டறிவதே வழி.

முதலுதவி

மூச்சிரைப்பு, தொண்டை அடைப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்கார வைக்கலாம். திடீரென எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. அனபிலாக்சிசுக்கு முதல் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசி. ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத் தணிக்கும். தொண்டை அடைப்பையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் அது நீக்காது. அறிகுறிகள் தணிந்த பின்னும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால், மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.